நடுக்கத்துக்கு முந்திய ஆண்டுகள்

திண்டுக்கல்லில் நரம்பு நோய்களுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. நான் வந்தபோது இவ்வூர் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1985-ல்தான் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. பூட்டுப் பட்டறைகளில் அரம் பிடித்தவர்கள், நாகல்நகரிலும் சின்னாளபட்டியிலும் தறியில் அமர்ந்தவர்கள், பேகம்பூரில் தோல் பதனிட்டவர்கள், வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலைக் காடுகளிலும் ஒட்டன்சத்திரத்துக் காய்கறித் தோட்டங்களிலும் உழைத்தவர்கள் என்று, கையின் வேலையையே ஜீவனமாகக் கொண்ட மக்களுடைய கைகளைப் பிடித்துப் பார்ப்பதிலேயே என் ஆயுளின் பெரும்பகுதி கழிந்தது. அத்தகைய ஊரில் பார்க்கின்சன் நோய் ஒருவரைப் பற்றுமானால், அவருடைய உடம்பின் சௌகரியத்தோடு, தொழிலில் அவர் சம்பாதித்த பெயரையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு போகிறது.

நோயாளிகள் பெரும்பாலும் கைநடுக்கம் என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். வைத்தியனோ, அவர்கள் வாசலிலிருந்து நாற்காலிக்கு வந்து சேருவதற்குள்ளாகவே பாதி செய்தியை அறிந்துகொள்கிறான். ஒரு கை வீசாமல் உடம்போடு ஒட்டி நிற்கும். அடி சிறுத்துத் தரையைத் தேய்க்கும். இமை கொட்டுவது குறைந்து முகத்தில் பாவம் அடங்கியிருக்கும். 1817-ல் லண்டன் வைத்தியராகிய ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயைக் குறித்துத் தனி நூல் எழுதியபோது, அதில் அவர் விவரித்த 6 பேரில் சிலர் தெருவில் அவர் கண்ணில் பட்டவர்களே. பூட்டுத் தொழிலில் நெடுநாள் இருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, “சாவிக்குப் பல்லு வெட்டுறப்போ கை தேங்குது டாக்டரய்யா. நடுக்கமெல்லாம் இல்ல; நான் நினைக்கிறேன், கை வரமாட்டேங்குது” என்றார். பாடப் புத்தகங்கள் பல பக்கங்களில் விளக்கும் இந்நோயின் சாரத்தை அவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொன்னவர் வேறு எவரும் இலர். நடுக்கமே இல்லாமலும் இந்நோய் வருவது உண்டு. ஆனால் அந்தத் தேக்கம் இல்லாமல் வருவதில்லை.

அக்காலத்தில் எங்கள் கைவசம் இருந்த சாமானிய மருந்து பாசிட்டேன் மாத்திரை. அது நடுக்கத்தை ஓரளவு தணிக்கும். கூடவே வாயை உலர்த்தும். முதியவர்களுடைய ஞாபகத்தைக் கலக்கிச் சித்தத்தில் மயக்கத்தை உண்டாக்கும். லெவோடோபா இருந்தது, எனினும் எல்லாக் கடைகளிலும் கிடைக்கவில்லை. மதுரைக்குப் போகிற பஸ்ஸில் சீட்டைக் கொடுத்தனுப்பி, மாலையில் திரும்பும் பஸ்ஸுக்காகக் காத்திருந்த குடும்பங்களை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன்.

அந்த மருந்தின் சரித்திரத்தில் நமது நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு என்பதை, அதை விழுங்குகிறவர்களும் அறியார். எழுதிக் கொடுக்கிறவர்களிலும் பலர் அறியார். சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரெசர்பின், இரத்த அழுத்தத்துக்காக உலகெங்கும் கொடுக்கப்பட்ட காலத்தில், அதை உண்டவர் சிலருக்கு இந்நோயைப் போன்ற விறைப்பும் மந்தமும் கண்டன. சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் 1957-ல் முயல்களுக்கு அதே ரெசர்பினைக் கொடுத்து அசைவற்றுக் கிடக்கச் செய்து, பிறகு டோபாவைச் செலுத்தி அவற்றை மீண்டும் ஓடவைத்துக் காட்டினார். 1960-ல் வியன்னாவில் ஹார்னிகீவிச், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில், டோபாவிலிருந்து உண்டாகும் டோபமின் என்னும் பொருள் பெரிதும் குன்றியிருப்பதைக் கண்டறிந்தார். 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ், டோபாவைப் பெரிய அளவில் வாய்வழியே கொடுத்துப் படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களை நடக்கச் செய்தார். இவை எல்லாவற்றுக்கும் முன்பே, 1937-ல், சேப்பாக்கத்துச் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்னும் இருவர், பூனைக்காலி வித்திலிருந்து இதே லெவோடோபாவைப் பிரித்தெடுத்து இங்கிலாந்துச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டிருந்தார்கள். சித்த வைத்தியர் கொடுத்த பூனைக்காலிச் சூரணத்தைச் சில காலம் உண்டு, “அதுல கொஞ்சம் கை கால் நீண்டுச்சு ஐயா” என்று சொல்லிக்கொண்டு வருகிற கிராமத்து நோயாளியின் பேச்சை, இந்தச் சரித்திரம் தெரிந்த வைத்தியன் அலட்சியம் செய்ய மாட்டான்.

சின்னாளபட்டியைச் சேர்ந்த நெசவாளர் ஒருவருக்கு நான் முதன்முதலாக லெவோடோபா கொடுத்தபோது, சில வாரங்களில் அவர் மறுபடியும் தறியில் உட்கார்ந்தார். அந்த வீட்டின் சந்தோஷத்தை நேரில் கண்ட எனக்கு, நோயையே வென்றுவிட்டோம் என்ற எண்ணம் உண்டாயிற்று என்றால் அது இயற்கையே. அக்காலத்து வைத்தியர் பலருக்கும் அவ்வாறே இருந்தது. ஆறேழு ஆண்டுகள் சென்றபின் மாத்திரையின் பலன் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. பலன் உச்சத்தில் இருக்கும்போது உடம்பு தானே நெளிந்து ஆடும். இறங்கும்போது உட்கார்ந்த இடத்திலேயே உறைந்துவிடுவார். “மாத்திரை ஏறுனா இவுக வந்துர்றாக, இறங்குனா எங்கேயோ போயிர்றாக” என்று அவருடைய மனைவி சொன்னார். விசேஷ நாளில் பிரியாணி சாப்பிட்டால் அன்று முழுவதும் மாத்திரை பிடிக்கவில்லை என்பதையும் அந்த அம்மாளே கவனித்து என்னிடம் கூறினார். மாமிசத்தின் புரதம் செரித்துப் பிரியும் அமினோ அமிலங்கள் லெவோடோபாவுடன் போட்டியிட்டு அதன் பாதையை அடைத்துக்கொள்வதே காரணம். ஆகாரத்துக்கு முன்னதாகவே மாத்திரையை உட்கொள்ளும்படி நேரத்தை மாற்றினேன், பயன் தெரிந்தது. ஆயினும், இல்லாத டோபமினை நாம் வெளியிலிருந்து இட்டு நிரப்புகிறோமே ஒழிய, அதைச் சுரக்கும் அணுக்கள் அழிந்துகொண்டே போவதைத் தடுக்கவில்லை என்ற உண்மை, அந்த வீட்டின் கூடத்தில் எனக்குப் பிரத்தியட்சமாயிற்று.

சென்னையில் 1960-களிலேயே டாக்டர் பி. ராமமூர்த்தியும் அவருடன் பணிபுரிந்த பாலசுப்பிரமணியம், கல்யாணராமன், டி. எஸ். கனகா முதலியோரும், மண்டையோட்டில் சிறு துவாரமிட்டு, அளவுக் கருவியின் துணையால் மூளையின் ஆழத்தை எட்டி, அங்குள்ள சில அணுக்களை அழித்துச் சிகிச்சை செய்யும் முறையில் பெயர் பெற்றிருந்தார்கள். பிற்காலத்தில் அணுக்களை அழிப்பதற்குப் பதிலாக மின்முனையைப் பதிக்கும் சிகிச்சை வந்தது. என் நோயாளிகளில் சிலர் திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் சென்று அதைச் செய்துகொண்டு பல ஆண்டுகள் சௌகரியமாக இருந்தார்கள். அதுவும் நோயின் குணங்களை அடக்குமே தவிர, நோயின் நடையை நிறுத்தாது.

நோயின் நடையை நிறுத்துவது என்ற பேச்சுக்கு எங்கள் துறையில் உறுதியான பிடி கிடைத்தது 1997-ஆம் ஆண்டில்தான். மதுரை மருத்துவக் கல்லூரி நூலகத்துக்குச் சென்று சஞ்சிகைகளைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொள்வது அந்நாளில் என் வழக்கம். தென் இத்தாலியில் கொன்டூர்சி என்னும் ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தில் பலருக்குத் தலைமுறை தலைமுறையாக இந்நோய் வந்ததற்கு, ஆல்ஃபா-சைனூக்ளின் என்னும் புரதத்தின் மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றமே காரணம் என்று அவ்வாண்டு வெளியாயிற்று. சில மாதங்களில் மரியா கிராசியா ஸ்பில்லன்டினியும் அவரைச் சார்ந்தவர்களும், இந்நோயாளிகளின் நரம்பணுக்களில் 1912-ல் லூயி என்னும் ஜெர்மானிய வைத்தியர் கண்ட உருண்டைகள் இதே புரதத்தால் ஆனவை என்று நிரூபித்தார்கள். அரிய குடும்பமொன்றின் மரபணுவும், உலகெங்கும் உள்ள சாதாரண நோயாளியின் மூளையும் ஒரே பொருளைச் சுட்டிக் காட்டியபோது, அதுவரை காரணம் அறியாமல் இருந்த நோய்க்கு ஒரு முகவரி கிடைத்தது.

அந்தப் புரதம் 140 அமினோ அமிலங்கள் கோத்த சிறிய பொருள். நரம்பணுவின் முனையில் நிலையான வடிவமின்றி நெகிழ்ந்திருப்பது அதன் சுபாவம். அது மடிப்புத் தவறி ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகத் திரளுமானால், அத்திரள், அருகில் உள்ள நல்ல புரதத்தையும் தன் வடிவத்துக்கு இழுத்துக்கொள்கிறது. பாலில் விட்ட உறைமோர் பானை முழுவதையும் தயிராக்குவதைப் போன்றது அதன் செய்கை. ஜெர்மனியைச் சேர்ந்த பிராக், 2003-ல், நூற்றுக்கு மேற்பட்ட மூளைகளைச் சோதித்து, இவ்வுருண்டைகள் மணம் அறியும் பகுதியிலும், குடலோடு தொடர்புடைய நரம்பின் மூலத்திலும் முதலில் தோன்றி, பிறகே மேல்நோக்கிப் பரவுகின்றன என்ற அபிப்பிராயத்தை வெளியிட்டார். 2008-ல் வந்த செய்தி என்னைத் தூங்கவிடவில்லை. பத்தாண்டுகளுக்கு முன்னரே சில நோயாளிகளின் மூளையில் இளம் நரம்பணுக்களை ஒட்டு வைத்திருந்தார்கள். அவர்கள் இறந்தபின் பார்த்தால், அந்தப் புதிய அணுக்களிலும் லூயியின் உருண்டைகள் புகுந்திருந்தன. 2012-ல் அமெரிக்காவில் லக் என்பவரும் சகாக்களும், ஆய்வுக்கூடத்தில் செய்த இழைகளை ஆரோக்கியமான எலியின் மூளையில் செலுத்த, அவை அணுவிலிருந்து அணுவுக்குப் பரவின. கெட்ட புரதம் வழிநடந்து போகிறது என்றால், அதை வழியிலேயே மறித்துப் பிடிக்கலாம் அல்லவா? பிடிக்கவல்லது எது என்று கேட்டால், நமது உடம்பே ஆதிகாலம் முதல் அந்நியப் பொருள்களைப் பிடிப்பதற்குச் செய்துவரும் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்பொருள்தான்.

எதிர்ப்பொருளைப் பற்றிய என் அறிவு பெரிய ஆய்வுக்கூடத்தில் கிடைத்ததன்று. பாம்புக்கடிப் பிரிவில் கிடைத்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பணியாற்றிய ஆரம்ப ஆண்டுகளில், ஆடிக்குப் பின் மழை தொடங்கிவிட்டால், நத்தத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் கடிபட்டவர்கள் வராத இரவு குறைவு. விஷமுறிவு ஊசி என்று நாம் சொல்லும் மருந்து, குதிரைகளுக்குச் சிறுகச் சிறுக விஷத்தை ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் உண்டான எதிர்ப்பொருளைப் பிரித்துச் செய்வது. கண்ணாடி விரியன் கடித்தவருக்கு இரத்தம் உறையும் சக்தி போய்விடும். கண்ணாடிக் குழாயில் விட்ட இரத்தம் 20 நிமிஷம் கழித்தும் நீராகவே இருக்கும். மருந்தை ஏற்றிச் சில மணி நேரத்துக்குப் பிறகு மறுபடியும் எடுத்துப் பார்த்தால் உறைந்திருக்கும். அந்தக் குழாயைக் கவிழ்த்துப் பார்த்து, உறைந்த இரத்தம் கீழே விழாமல் நிற்பதைக் கண்ட கணங்களில் எதிர்ப்பொருளின் மகிமையை நான் உணர்ந்திருக்கிறேன். விஷம் இரத்தத்தில் இருக்கிறது, மருந்தும் இரத்தத்தில் இருக்கிறது, இரண்டும் சந்திக்கின்றன.

கட்டுவிரியன் கடி வேறு விதம். வீட்டுத் தரையில் பாய் விரித்துத் தூங்கினவரை நள்ளிரவில் அது கடிக்கும். கடித்த அடையாளம்கூடச் சரியாகத் தெரியாது. வயிற்றுவலி என்று எழுவார்; விடிவதற்குள் இமை தொங்கி, பேச்சுக் குழறி, மூச்சு அடங்கத் தொடங்கும். இதற்கும் அதே மருந்தை ஏற்றுவோம். ஆனால் விஷம் நரம்பின் முனையைப் பற்றி அதைச் சிதைத்துவிட்ட பிறகு, எத்தனை குப்பி ஏற்றினாலும் தளர்ந்த தசை உடனே எழுவதில்லை. நரம்பு முனை புதிதாக வளரும் வரையில் நோயாளிக்காக நாம் மூச்சு விடவேண்டும். செயற்கைச் சுவாச யந்திரம் கிடைக்காத அந்நாளில், கடிபட்ட வாலிபன் ஒருவனுக்கு அவன் அண்ணனும் மாமனும் சித்தப்பாவும் முறைவைத்து, இரவு பகலாக மூச்சூட்டும் பையைக் கையால் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். பல நாள்களுக்குப் பின் அவன் கண்ணைத் திறந்தான். விஷத்தைப் பிடிக்கும் மருந்து தன் கடமையைச் செய்துதான் இருந்தது. அது போய்ச் சேருவதற்குமுன் நேர்ந்துவிட்ட சேதத்தைத் திருத்துவது அதன் கடமை அன்று. பார்க்கின்சன் நோய்க்கு எதிர்ப்பொருள் மருந்து வரப்போகிறது என்று கேள்விப்பட்ட நாள் முதல், அந்த இரவுகள் என் மனத்தை விட்டு அகலவே இல்லை.

குதிரையின் இரத்தத்தில் பலவகை எதிர்ப்பொருள்கள் கலந்திருக்கும். 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், ஒரே வகை எதிர்ப்பொருளை மாத்திரம் வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து பிறந்தவை புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் இன்று கொடுக்கப்படும் பல ஊசிகள். மூளையின் புரதத்தின் மேல் அதை ஏவலாம் என்ற நம்பிக்கை, 1999-ல் டேல் ஷெங்க் என்பவர் அல்சைமர் நோய் உண்டாக்கிய எலிகளில் செய்த சோதனையால் பலப்பட்டது. 2005-ல் எலியேசர் மாஸ்லியா, ஆல்ஃபா-சைனூக்ளினுக்கு எதிராக எலிகளுக்குத் தடுப்பூசி போட்டு, மூளையில் அதன் திரட்சி குறைவதைக் காட்டினார். அவ்வழியில் வந்தது பிராசினெசுமாப்; அது புரதத்தின் வால்பகுதியைப் பற்றுவது. மற்றொன்று சின்பனெமாப், மனித இரத்தத்தில் இயல்பாகவே இருந்த எதிர்ப்பொருளை மாதிரியாகக் கொண்டு செய்யப்பட்டு, தலைப்பகுதியைப் பற்றுவது.

இவற்றின் பரிசோதனை நடந்த ஆண்டுகளில், என்னிடம் வரும் குடும்பங்கள் என்னைவிட முன்னதாகவே செய்தியை அறிந்துகொண்டிருந்தன. வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பிள்ளைகள், விடுமுறையில் வரும்போது அச்சிட்ட காகிதக் கட்டுடன் வருவார்கள். “சார், அப்பாவுக்கு இதை எப்படியாவது வாங்கிக் கொடுத்துடலாம், செலவைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம்” என்று ஒரு பிள்ளை சொன்னபோது, அவர் தந்தை பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாண்டுகளாக நோயில் இருக்கும் அவரைப் போன்றவர்களை அச்சோதனைகளில் சேர்த்துக்கொள்வதே இல்லை. நோய் கண்டறிந்து சிறிது காலமே ஆனவர்களைத்தான் சேர்த்தார்கள். அதை எப்படிச் சொல்வது என்பது எந்தப் பாடத்திலும் இல்லாத வித்தை. “தம்பி, இந்த மருந்து போன கையைத் திருப்பித் தராது, இருக்கிற கையைக் காப்பாத்துமான்னு பாக்குறாங்க. அப்பாவுக்கு இன்னிக்கு வேண்டியது மாத்திரை நேரத்தை ஒழுங்கு பண்றதும் தினம் நடக்க வைக்கிறதும்தான்” என்று சொன்னேன். பெரியவர் தலையசைத்தார். உண்மையைப் பொறுத்துக்கொள்ளும் சக்தி நோயாளிக்கு நாம் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது.

2022 ஆகஸ்டில் இரண்டு சோதனைகளின் முடிவும் ஒரே சஞ்சிகையில் வெளிவந்தன. பிராசினெசுமாப் 316 பேருக்கு 52 வாரம் சோதிக்கப்பட்டது. மாதம் ஒருமுறை நாளத்தில் ஏற்றிய மருந்து. நோயின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண், வெறும் திரவம் பெற்றவர்களுக்கு 9.4 உயர்ந்தது; 1,500 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு 7.4, 4,500 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு 8.8. வித்தியாசம் என்று கொள்ளத்தக்க வித்தியாசம் இல்லை. 357 பேரிடம் சோதித்த சின்பனெமாபும் பலன் தரவில்லை. அதைச் செய்த கம்பெனி அம்முயற்சியையே கைவிட்டது. அந்த இதழைப் படித்த மாலையில் எனக்கு உண்டான வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கட்டுவிரியன் கடியைப் பார்த்தவனுக்கு அதில் ஆச்சரியம் இருக்கவில்லை.

காரணங்கள் பல. எதிர்ப்பொருள் ஒரு பெரிய மூலக்கூறு. மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையில் இயற்கை அமைத்த அரணைக் கடந்து உள்ளே போவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். உள்ளே போனாலும், அணுக்களுக்கு இடையே நடமாடும் புரதத்தையே அது பற்ற முடியும். ஆல்ஃபா-சைனூக்ளினின் பெரும்பகுதியோ அணுவின் உள்ளே இருக்கிறது. எல்லாவற்றிலும் பெரிய காரணம் காலம். கை நடுங்கி வைத்தியனிடம் வரும் நாளில், டோபமின் சுரக்கும் நரம்பு முனைகளில் பாதிக்கு மேற்பட்டவை ஏற்கனவே அழிந்திருக்கும். மேலும், மெல்ல நடக்கும் நோயில் ஓராண்டு என்பது மிகச் சிறிய அவகாசம். அதற்குள் இரு தொகுதியினருக்கும் இடையே வேற்றுமை தெரிவது அரிது.

பிராசினெசுமாபின் ஆராய்ச்சியாளர்கள் அதை விட்டுவிடவில்லை. 586 பேரைக் கொண்டு, லெவோடோபா முதலிய வழக்கமான மருந்துகளை உண்டுகொண்டிருந்தவர்களிடமே, குறைந்தது 18 மாதம் நடத்திய அடுத்த சோதனையின் முடிவு 2024 டிசம்பரில் வந்தது. உடலியக்கம் மோசமாவதற்கு ஆகும் காலம் மருந்து பெற்றவர்களுக்குச் சற்று நீண்டிருந்தது. ஆனால் அது தற்செயல் அன்று என்று சொல்லக் கணித சாஸ்திரம் விதித்திருக்கும் எல்லையை எட்டாமல், அதற்கு மிக அருகில் நின்றுவிட்டது. லெவோடோபா உண்டவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது பலன் சற்றுத் தெளிவாகத் தெரிந்தது. 2025 ஜூனில், மூன்றாம் கட்டப் பெருஞ்சோதனைக்குப் போவதாக, அம்மருந்தை உருவாக்கிவரும் ரோஷ் கம்பெனி அறிவித்தது. இதை வெற்றி என்று கொண்டாடுவதும் தவறு; தோல்வி என்று தள்ளுவதும் தவறு. சோதனையில் பிரித்துப் பார்த்த ஒரு தொகுதியின் பலன், மறு சோதனையில் நிற்காமற்போனதை என் காலத்திலேயே பல மருந்துகளில் பார்த்திருக்கிறேன்.

அல்சைமர் நோயில் இத்தகைய எதிர்ப்பொருள் மருந்துகள் வந்தே விட்டன. அமெரிக்காவில் 2021-ல் அனுமதி பெற்ற அடுகனுமாப் பெரும் விவாதத்துக்கு உள்ளாகி 2024-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2023-ல் லெகனெமாபும், 2024-ல் டொனனெமாபும் அனுமதி பெற்றன. அவை நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன. ஆனால் சிலருக்கு மூளையில் வீக்கமும் நுண்ணிய இரத்தக் கசிவும் உண்டாவதால், குறித்த காலங்களில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். லெகனெமாபுக்கு அமெரிக்காவில் வைத்த விலை ஆண்டுக்கு 26,500 டாலர். பார்க்கின்சன் நோய்க்கான எதிர்ப்பொருள் நாளை வெற்றி பெற்றாலும், தறியிலும் தோட்டத்திலும் உழைப்பவரிடம் அது வந்து சேருவதற்கு விலை என்னும் அரணையும் கடக்கவேண்டும். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளுள் திண்டுக்கல் கல்லூரியும் ஒன்று. மாதந்தோறும் வந்து நாளத்தில் மருந்து ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு மாவட்டத் தலைநகரங்களில் உள்ள இத்தகைய கல்லூரிகளிலேயே அமையாவிட்டால், வத்தலக்குண்டிலிருந்து ஒரு முதியவர் ஒவ்வொரு மாதமும் சென்னைக்குப் போய்வருவது நடவாத காரியம்.

என் அனுபவத்தில், இவை எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: மருந்து வரும்போது அதற்கு உரியவரை நாம் அறிந்திருப்போமா? நிலக்கோட்டைப் பூமார்க்கெட்டில் மல்லிகை வியாபாரம் செய்த ஒருவர் கால் இழுக்கிறது என்று என்னிடம் வந்தார். மணம் தெரிகிறதா என்று கேட்டேன். பல வருஷங்களாகவே பூவின் வாசனை தெரியவில்லை என்றும், பூவை விரலால் நசுக்கிப் பார்த்தே தரம் சொல்லி வந்ததாகவும் கூறினார். அவர் மனைவியைத் தனியே கேட்டபோது, “ராத்திரியில தூக்கத்துலயே கத்துறாக, எட்டி ஒதைக்கிறாக; பயந்துபோயி நான் வேற கட்டில்ல படுக்க ஆரம்பிச்சு ரொம்ப வருஷமாச்சு” என்றார். மலச்சிக்கலுக்கு அவர் சாப்பிடாத சூரணம் இல்லை. பிராக் மூளைகளை வெட்டிப் பார்த்துச் சொன்ன வரிசை, அந்தத் தம்பதிகளின் வாழ்க்கையில் எழுதியிருந்தது. கால் இழுத்த நாளை நோயின் ஆரம்பம் என்று அவர்கள் கொண்டிருந்தார்கள். நோய் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக்குள் வந்து குடியிருந்தது.

இது ஒரு குடும்பத்தின் கதை மாத்திரம் அன்று. கனவுக்கு ஏற்ப உடம்பு அசைந்து உதைக்கும் தூக்கக் கோளாறு உடைய 1,280 பேரைப் பல நாட்டு மையங்கள் சேர்ந்து கவனித்ததில், 12 ஆண்டுகளில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குப் பார்க்கின்சனோ அதைச் சார்ந்த நோயோ வந்தது என்று 2019-ல் வெளியிட்டார்கள். 2023-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், தண்டுவட நீரை எடுத்து, அதில் மடிப்புத் தவறிய ஆல்ஃபா-சைனூக்ளின் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை, நோயாளிகளில் 100-க்கு 88 பேரிடம் அதைக் காட்டிக் கொடுத்தது. மணம் அறியும் சக்தி குன்றியவர்களில் ஏறக்குறைய அனைவரிடமும் காட்டிற்று. இத்தகைய சோதனை இரத்தத்திலோ தோலிலோ எளிதாகச் செய்யும் அளவுக்கு வளருமானால், நடுக்கம் தோன்றுமுன்னரே நோயை அறிந்து, புரதம் வழிநடக்கத் தொடங்கும் பருவத்திலேயே எதிர்ப்பொருளை அனுப்பலாம். அப்போது அது கண்ணாடி விரியனின் விஷத்தை இரத்தத்திலேயே சந்தித்த மருந்தைப் போல வேலை செய்யக்கூடும் என்பது என் திடமான நம்பிக்கை.

ஆதலால் இப்போது என்னிடம் பயிலவரும் இளம் வைத்தியர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது புதிய மருந்துகளின் பெயரை அன்று, மூன்று கேள்விகளை. மணம் தெரிகிறதா, தூக்கத்தில் கத்தி உதைப்பதுண்டா, மலச்சிக்கல் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது. மலச்சிக்கல் உள்ளவர்க்கெல்லாம் இந்நோய் வரும் என்று எவரையும் அச்சுறுத்தக் கூடாது. தனித்தனியே பார்த்தால் இவை சாதாரணத் தொல்லைகள். மூன்றும் ஒருவரிடத்தில் கூடியிருந்தால், அதைக் குறித்து வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை அவரை அழைத்துக் கைவீச்சையும் நடையையும் பார்க்கவேண்டும். தூக்கத்தைப் பற்றிய கேள்வியை நோயாளியிடம் கேட்பதில் பயன் இல்லை. உடன் வாழ்பவரிடம் கேட்கவேண்டும். இவற்றுக்குக் கருவி வேண்டியதில்லை, செலவும் இல்லை, வேடசந்தூரிலோ நத்தத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் டாக்டரால் இன்றே செய்ய முடியும்.

நோய் முற்றியவர்களை நாம் கைவிடலாம் என்பது இதன் பொருள் அன்று. கட்டுவிரியன் கடித்த அந்த வாலிபனைப் பிழைக்க வைத்தது, மருந்து ஏற்றி முடிந்த பிறகும் அவன் சுவாசத்தைப் பல நாள் தாங்கி நின்றவர்களின் உழைப்பு. மாத்திரையை நேரம் தவறாமல் கொடுப்பது, தினமும் நடக்க வைப்பது, விழுங்கத் தடுமாறுகிறவருக்கு ஆகாரத்தைக் குழைத்துக் கொடுப்பது, விழாமல் இருக்க வீட்டின் தரையைச் சீர்செய்வது ஆகிய இவை, எந்த எதிர்ப்பொருள் வந்தாலும் மாறாத வைத்தியம். புதிய மருந்து வரவேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். அது வருவதற்குள் முன்கூட்டியே அறிந்து குறித்துவைத்த பெயர்களோடு நம் மாவட்டம் அதற்காகக் காத்திருக்கவேண்டும் என்று அதனினும் அதிகமாக விரும்புகிறேன். மருந்தைக் கண்டுபிடிப்பது வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களின் பொறுப்பாக இருக்கலாம். உரிய காலத்தில் உரியவரிடம் அதைச் சேர்ப்பது இங்கே அமர்ந்திருக்கும் நம்முடைய பொறுப்பு, அதற்கான வேலையை மருந்து வந்தபிறகு தொடங்க முடியாது.